காஃப்கா என்றால் காக்கை

வங்கியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களை லெட்ஜரில் எழுதியிருக்கிறேன். எந்தப் பெயருக்கும் அர்த்தம் யோசித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஆபீஸில் வேலை பார்த்த இன்னொருவரின் பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது.

பிரான்ஸ் காஃப்கா 1883 ஜூலை 3 அன்று பிராக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். எழுதியது ஜெர்மன் மொழியில். குடும்பப் பெயரோ செக் மொழிச் சொல். அங்கே 'கவ்கா' என்பது காக்கை இனத்தில் ஒரு சின்னப் பறவை. பழைய கோபுரங்களிலும் புகைபோக்கிகளிலும் கூடு கட்டும். நம் ஊர்க் காக்கை போலவே பிடரி சாம்பல் நிறம். செக்காரர்கள் பேசும்போது அந்தச் சொல் 'கஃப்கா' என்றுதான் ஒலிக்கும். நம் காதில் 'காக்கா' என்று விழுந்தாலும் தப்பில்லை!

அப்பா ஹெர்மன், கிராமத்துக் கசாப்புக்காரரின் மகன். சிறுவனாகக் கறி வண்டி தள்ளியவர், பிராக்கில் ஃபேன்ஸி சாமான் கடை வைத்து முன்னுக்கு வந்தார். அந்தப் பறவையையே கடையின் சின்னமாக்கி, கடிதத்தாளிலும் அச்சடித்துக்கொண்டார்.

மகனுக்கு அந்தப் பெயர் சுமை. 1919-இல் அப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், பலம், உரத்த குரல், நல்ல பசி எல்லாம் உள்ள அசல் காஃப்கா நீங்கள்தான், நான் அம்மா வழி லோவி வம்சத்தைச் சேர்ந்தவன் என்று கணக்குப் பிரிக்கிறார். கடிதம் அப்பா கைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரு கதையில் வேட்டைக்காரனுக்கு கிராக்கஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் இந்தப் பறவையின் பெயரை ஒட்டிய சொல் அது.

சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், 1908 முதல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை ஆபீஸ், ராத்திரியில் எழுத்து. மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போகாமல் தடுப்பது எப்படி என்று அவர் எழுதிய அறிக்கையும் இருக்கிறது. எனக்கு நாவல்களைவிட அதுதான் சட்டென்று புரிந்தது.

காசநோயால் 1922-இல் பென்ஷனில் போனார். 1924 ஜூன் 3, நாற்பது வயதில் மரணம். தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொன்னார். நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்காமல் பதிப்பித்தார். மூன்று தங்கைகளும் பின்னாளில் நாஜிகளின் யூதப் படுகொலையில் மாண்டனர்.

பிராக்கில் அவர் கல்லறைக்கல்லில் முதல் பெயர் மகனுடையது. கீழே, அதே கல்லில், அப்பா ஹெர்மன் காஃப்கா.