வரியைக் குறைத்த சி. சுப்பிரமணியம்

பொள்ளாச்சியை அடுத்த சிற்றூரில் 1910இல் பிறந்த சி. சுப்பிரமணியத்தைப் பசுமைப் புரட்சியின் தந்தையருள் ஒருவராக நாம் அறிவோம். நிதியமைச்சராக அவர் எடுத்த முடிவொன்றும் சிந்திக்கத்தக்கது.

1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் நூற்றுக்கு 97.75. வரி ஏய்ப்பு மலிந்தது. 1974இல் 77 ஆன அவ்விகிதத்தை அவர் 1976இல் 66 ஆக்கினார்.

உச்சப் படியில் 100 ரூபாய் ஈட்டும் திருமலைராயன்பட்டினத்து வணிகர் ஒருவருக்கு முன்பு மிஞ்சியது 23, பின்பு 34. ஆனால் அரசுக்குப் பழைய வரவு கிட்ட, கணக்கில் காட்டும் வருமானம் ஆறில் ஒரு பங்கு கூடவேண்டும். கூடாவிட்டால் கருவூலத்துக்கு இழப்பே.

இதை உணர்ந்தவர்போல், மறைத்த வருமானத்தைத் தாமே வெளியிடும் திட்டத்தையும் 1975இல் அவர் கொணர்ந்தார். குறைந்த வரியும் நேர்மையான கணக்கும் இணைந்தாலன்றி வரவு பெருகாது.

1998இல் பாரத ரத்னா பெற்ற அப்பெருமகனார் 2000இல் மறைந்தார்.