ரெயிலில் ஏற்றவில்லை, நடந்தே போனார் வத்தலக்குண்டு சிவா!

திண்டுக்கல்லில் இருந்து பெரியகுளம் போகும் பாதையில், கொடைக்கானல் மலைக்குக் கீழே இருக்கிறது வத்தலக்குண்டு. "கமலாம்பாள் சரித்திரம்" எழுதிய ராஜம் அய்யர் பிறந்த ஊர். சிறுகதை மன்னர் பி.எஸ்.ராமையாவின் ஊரும் அதுதான். பேனா பிடித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லாத அந்த ஊரில், 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. தகப்பனார் பெயரும் ராஜம் அய்யர்தான். ஆனால் நாவல் எழுதியவர் வேறு, இவர் வேறு. தாயார் நாகம்மாள்.

அந்தக் குழந்தைதான் சுப்பிரமணிய சிவா.

வீட்டில் வறுமை. மதுரையில் படித்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே ஊட்டுப்புரையில் இலவசச் சாப்பாடு கிடைக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். சிவகாசியில் போலீஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதில் மனம் ஒட்டவில்லை. நாட்டு விடுதலை பற்றிப் பேசக் கிளம்பிவிட்டார். திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேற்றியது.

தூத்துக்குடியில் புயல்

1908-ம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்தார் சிவா. வ.உ.சிதம்பரம் பிள்ளை அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். மாலை நேரத்தில் கடற்கரையில் கூட்டம். சிவா பேசினால் கேட்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து வெற்றி பெற்றார்கள்.

மார்ச் 12-ந் தேதி இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. ஜட்ஜ் பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு. சிதம்பரம் பிள்ளைக்கு 40 ஆண்டு! அதில் 20 ஆண்டு ராஜத்துரோகத்துக்கு. மீதி 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு! பிறகு ஐகோர்ட்டு தண்டனையைக் குறைத்தது. சிவாவுக்கு 6 ஆண்டு கடுங்காவல் ஆயிற்று.

திருச்சி, சேலம் சிறைகளில் அடைபட்டுக் கிடந்தார். 1912-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி வெளியே வந்தபோது, அவர் உடம்பில் தொழுநோய் இருந்தது. அந்த நாளில் அதற்குப் பெருவியாதி என்று பெயர்.

சிறையில் தொற்றிய நோய் என்றுதான் எல்லோரும் சொல்வது வழக்கம். ஆனால் இந்தக் கிருமி அவசரப்படாத கிருமி. சாதாரணக் கிருமிகள் சில, அரை மணிக்குள் ஒன்று இரண்டாகும். தொழுநோய்க் கிருமி இரண்டாக 12 நாளுக்கு மேல் பிடிக்கும். உடம்பில் புகுந்து வெளியே தெரியச் சராசரி 5 ஆண்டு. சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். ஆகவே முன்பே புகுந்து பதுங்கி இருந்த கிருமி, சிறையில் உடம்பு நலிந்தபோது தலைதூக்கி இருக்கவும் கூடும்.

அன்று வைத்தியம் என்ன? நீரடிமுத்து எண்ணெய்தான். அதையே ஊசியாகவும் போட்டார்கள். நோய் பெரும்பாலும் தீர்வதில்லை.

சிவா மூலையில் உட்காரவில்லை. "ஞானபானு" பத்திரிகை நடத்தினார். பாரதியார் அதில் எழுதினார். 1921-ம் ஆண்டு மீண்டும் கைது. இரண்டரை ஆண்டு தண்டனை. நோய் முற்றியதால் அடுத்த ஆண்டே விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவருக்கு இன்னொரு தண்டனை காத்திருந்தது. தொழுநோயாளி ரெயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள்!

புண்ணான கால். கையில் தடி. ஊர் ஊராக நடந்தார். முடியாதபோது கட்டை வண்டி. போன இடமெல்லாம் பேசினார். தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோவில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 1923-ம் ஆண்டு சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோவில் எழும்புவதைச் சிவா பார்க்கவில்லை. 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 41 நிறையவில்லை.

மருந்து வந்தது, கிருமி தூங்கியது

இந்த நோய்க்கு உண்மையான மருந்து 1941-ம் ஆண்டு அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. சிவா உயிரோடு இருந்திருந்தால் அப்போது வயது 57தான். அதே இனத்தைச் சேர்ந்த டாப்சோன் என்ற மலிவான மருந்தை, சில ஆண்டுகளில் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் கொடுத்துப் பார்த்தார். நல்ல பலன். இனிக் கவலை இல்லை என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் 10 ஆண்டுக்கு மேல் விடாமல் டாப்சோன் சாப்பிட்ட சிலரின் உடம்பில் உயிருள்ள கிருமி இருப்பதை மலேசியாவில் சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் கண்டார்கள். 1974-ம் ஆண்டு செய்தி வெளியாயிற்று. நோயாளியின் சதையில் துளி எடுத்துச் சுண்டெலியின் பாதத்தில் செலுத்தினார்கள். கிருமி பெருகியது. அதே டாப்சோனுக்கு அடங்கவும் செய்தது! அதாவது, மருந்தை வெல்லக் கற்ற கிருமி அல்ல அது. பின் எப்படி 10 ஆண்டு தப்பியது?

திண்டுக்கல் பக்கத்துச் செவற்காட்டைப் பாருங்கள். கோரையைக் களைக்கொத்தியால் ஒன்று விடாமல் கொத்தி எறிகிறோம். காடு சுத்தம். ஒரு மழை பெய்ததும் மறுபடி கோரை! மண்ணுக்கு அடியில் முளைக்காமல் கிடந்த கிழங்கு செய்த வேலை. அது கொத்துக்கு அஞ்சாத புதுச் சாதி அல்ல. கொத்து விழுந்தபோது அது மேலே இல்லை, அவ்வளவுதான்.

கிருமியும் அப்படியே. வளர்வதற்கு வேண்டிய ஃபோலேட் சத்தைச் செய்யவிடாமல் தடுப்பதுதான் டாப்சோனின் வேலை. வளராமல் தூங்கும் கிருமியிடம் அதன் ஜம்பம் சாயாது. மருந்தை நிறுத்திய பின் ஒரு நாள் அது விழிக்கும். இத்தகைய கிருமிக்குப் "பெர்சிஸ்டர்" என்று பெயர். 1944-ம் ஆண்டு டப்ளின் நகரத்து டாக்டர் ஜோசப் பிக்கர் இட்ட பெயர் அது. பென்சிலினில் சீழ்க்கிருமிகள் மடிந்தபோது, மிகச் சில மட்டும் இப்படித் தப்பியதை அவர் கண்டார். காசநோய் மருந்தை மாதக் கணக்கில் சாப்பிடச் சொல்வதற்கும் இந்தத் தூக்கம் ஒரு பெரிய காரணம்.

மருந்தை எதிர்க்கக் கற்ற கிருமி வேறு. டாப்சோனை எதிர்க்கும் தொழுநோய்க் கிருமி உண்டு என்பது 1964-ம் ஆண்டே உறுதியாயிற்று. அதற்காகத்தான் ஒன்றுக்குப் பதிலாக மூன்று மருந்து: ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன். 1981-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனக் குழு இந்தக் கூட்டு வைத்தியத்தைச் சொன்னது. ரிபாம்பிசின் முதல் வேளையிலேயே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். மீதி மாதங்கள் எல்லாம், மிஞ்சியவை கண் விழிக்கும்போது மருந்து உடம்பில் இருக்க வேண்டும் என்பதற்காக.

உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் தெரிந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். மருந்து இலவசம். ஓர் அட்டையில் 28 நாள் மாத்திரை. லேசான நோய்க்கு 6 அட்டை, அதிகமான நோய்க்கு 12 அட்டை. மாதத்தின் முதல் வேளையைச் சுகாதார ஊழியர் கண்ணெதிரிலேயே விழுங்க வேண்டும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே நோய் பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. எல்லோருடனும் ரெயிலில் உட்கார்ந்து போகலாம்.