நூலகம் தந்த வள்ளல் லீ கொங் சியான்

உலகில் செல்வம் சேர்த்தோர் பலர். சேர்த்த செல்வத்தை நல்வழியில் செலவிட அறிந்தோர் சிலர். தம் காலத்திற்குப் பின்னும் அச்செல்வம் பிறர் வாழ்வில் விளக்கேற்றும்படி வகைசெய்து சென்றோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர் தான்ஸ்ரீ லீ கொங் சியான் ஆவார். அவர் சீனர், பெரும் வணிகர். எனினும் தமிழ்ப்பள்ளி மாணவர்களாகிய நாம் அவர்தம் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புலனாகும்.

சீனநாட்டின் புஜியான் மாநிலத்தில் நான் ஆன் என்னும் பகுதியைச் சேர்ந்த பூரோங் எனும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் லீ கொங் சியான் பிறந்தார். அவருடைய தந்தையார் பொருள் தேடிச் சிங்கப்பூருக்கு வந்திருந்தார். 1903ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுவனாகக் கப்பலேறி, லீ தம் தந்தையாரிடம் வந்து சேர்ந்தார். புதிய நாடு, புதிய மக்கள், செவியில் விழும் மொழிகளோ பல. அச்சிறுவன் எத்துணைத் திகைத்திருப்பான் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் அவர் கல்வி பயின்ற பள்ளி எது தெரியுமா? ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளி! ஆம், வார நாள்களில் அப்பள்ளிக்குச் சென்று ஆங்கிலம் கற்றார். வார இறுதியில் ஏனைய பிள்ளைகள் ஓடியாடி விளையாடுகையில், யாங் செங் பள்ளிக்குச் சென்று தம் தாய்மொழியாகிய சீனத்தைக் கற்றார். இவ்வாறு ஒரு மொழியை வாழ்வுக்காகவும் மற்றொரு மொழியைத் தம் வேருக்காகவும் ஒருங்கே பயின்றார் அச்சிறுவர். இரு மொழிகளைச் சுமப்பது பெருஞ்சுமை என்று அவர் சோர்ந்து விடவில்லை. பிற்காலத்தில் அவரைத் தூக்கி நிறுத்திய இரு தூண்களும் அவையே.

பின்னர் மேற்படிப்புக்காக அவர் சீனநாடு சென்றார். அங்குக் கல்வி பயின்று வருகையில் 1911ஆம் ஆண்டில் பெரும்புரட்சி மூண்டது; மன்னராட்சி வீழ்ந்தது. படிப்பை முடிக்க இயலாமல் 1912ஆம் ஆண்டில் அவர் சிங்கப்பூருக்குத் திரும்ப நேர்ந்தது. பட்டம் பெறவில்லையே என்று மனமுடைந்து கிடந்தாரா? இல்லை. பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். சீன நாளிதழ் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்தார். நில அளவைத் துறையிலும் துணைப்பணி புரிந்தார். கிடைத்த பணியைச் செவ்வனே செய்தார்.

1916ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அந்நாளில் பெரும்புகழ் பெற்ற தொழிலதிபராகவும் கல்வி வள்ளலாகவும் விளங்கிய டான் கா கீ அவர்களின் நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். சீனமும் ஆங்கிலமும் நன்கறிந்த இளைஞர் ஒருவர் வெளிநாட்டு வணிகருடன் தொடர்பு கொள்ளும் ஒரு நிறுவனத்துக்கு எத்துணைப் பயன்படுவார் என்று சொல்லவும் வேண்டுமோ? அவருடைய திறமையையும் நேர்மையையும் கண்ட டான் கா கீ, 1920ஆம் ஆண்டில் தம் மூத்த மகளையே அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். மாமனாரிடம் அவர் கற்றுக்கொண்டது வணிகம் மட்டுமன்று. ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈயும் பண்பையுந்தான்.

அவர் சொந்தத் தொழில் தொடங்கியது நம் நாட்டில்தான். 1927ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்து மூவாரில் இரப்பர்த் தகடுகளைப் புகையிட்டு உலர்த்தும் கூடம் ஒன்றை வாங்கி நடத்தலானார். 1931ஆம் ஆண்டில் லீ இரப்பர் நிறுவனம் உருவாயிற்று. அஃது உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம். இரப்பர் விலை படுவீழ்ச்சியடைந்து, பல நிறுவனங்கள் மூடப்பட்ட காலம். அத்தகைய வேளையிலும் சிக்கனமாகவும் விழிப்பாகவும் தொழில் நடத்தி அவர் முன்னேறினார். காலப்போக்கில் மக்கள் அவரை இரப்பர் அரசர் என்றும் அன்னாசி அரசர் என்றும் அழைக்கலாயினர். வங்கித் துறையிலும் அவர் சிறந்து விளங்கினார். 1938ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை ஓசிபிசி வங்கியின் தலைவராக இருந்தார்.

இங்கு நாம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மலாயாவின் இரப்பர்ச் செல்வம் வணிகர் கையில் தானாக வந்து விழவில்லை. விடியுமுன் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் பால்மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்த தொழிலாளரின் வியர்வை அதில் கலந்திருந்தது. அவர்களுள் நம் பாட்டன் பாட்டியர் போன்ற தமிழர் ஏராளம். இரப்பரால் பெற்ற செல்வத்தின் ஒரு பகுதி, எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கும் நூல்களாக மாறியது என்றால், அது பொருத்தமான செயலேயன்றோ?

அது நிகழ்ந்த வகையை இனிக் காண்போம்.

1952ஆம் ஆண்டில் லீ கொங் சியான், லீ அறநிறுவனத்தை ஏற்படுத்தினார். கல்விக்கும் பிற பொதுநலப் பணிகளுக்கும் இன, சமய வேறுபாடு பாராமல் உதவுவதே அதன் நோக்கம். மறு ஆண்டில் அவர் கண் நூலகத்தின்பால் திரும்பியது.

அக்காலத்தில் சிங்கப்பூரில் நூலகமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ராஃபிள்ஸ் நூலகம் என்பது அதன் பெயர். 1887ஆம் ஆண்டு முதல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் அருங்காட்சியகத்துடன் ஒரே கட்டடத்தில் அது இயங்கி வந்தது. சிறுவர்க்கென ஒரு பிரிவும் 1923ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பட்டது. ஆனால், இரண்டு பெருங்குறைகள் இருந்தன. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க வேண்டுமானால் சந்தா செலுத்த வேண்டும் என்பது முதற்குறை. நூல்களுள் மிகப் பெரும்பாலானவை ஆங்கில நூல்களாகவே இருந்தன என்பது இரண்டாம் குறை.

இதன் பொருள் என்ன? ஒரு தமிழ்ப்பள்ளிச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். அவள் தந்தையார் துறைமுகத்தில் கூலிவேலை செய்பவர். நூலகத்தின் உயர்ந்த படிகளைக் கண்டு அவளுக்கு ஆசை எழுகிறது. உள்ளே செல்வதற்கு அச்சம். செலுத்துவதற்குப் பணமில்லை. அவ்விரண்டையும் கடந்து உள்ளே சென்றாலும், அவள் வீட்டில் பேசும் மொழியில் அங்கு நூல்கள் கிடைப்பது அரிது. மலாய்ச் சிறுவனுக்கும் சீனச் சிறுமிக்கும் இதே நிலைதான். நாட்டு மக்களின் மொழிகள் நூலகத்தின் வாயிலுக்கு வெளியே நின்றிருந்தன.

இந்நிலையை மாற்ற 1953ஆம் ஆண்டில் லீ கொங் சியான் முன்வந்தார். புதியதொரு நூலகம் கட்டுவதற்கு 375,000 வெள்ளி நன்கொடையளிக்க இசைந்தார். அந்நாளில் அது மிகப் பெருந்தொகை. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தம் பெயரைக் கல்லில் பொறிக்கச் சொல்வது உலக இயல்பு. அவரோ வேறு நிபந்தனைகளை விதித்தார். நூலகம் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும் என்பது ஒன்று. இந்நாட்டு மக்கள் பேசும் மொழிகளின் நூல்களும் அங்கு இடம்பெறுதல் வேண்டும் என்பது மற்றொன்று.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்போம். அவர் விரும்பியிருந்தால் சீன நூல்கள் மட்டுமே கொண்ட ஒரு நூலகத்தைத் தம் இனத்தவர்க்கெனக் கட்டியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவ்வாறு செய்யாமல், மலாயும் சீனமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் அமர்வதற்கு அவர் வழிவகுத்தார். சிறுவயதில் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளியில் பிற இனப் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்த நினைவும் இதற்கு ஒரு காரணமாயிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், தம் மொழியை நேசித்தவர் பிறர் மொழியை மதித்தார் என்பது உறுதி.

நல்ல செயல் என்றாலும் அது நினைத்தவுடன் நிறைவேறிவிடவில்லை. ஆண்டுகள் சில கடந்தன. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அதனை நாட்டியவர் லீ கொங் சியானே. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புதிய நூலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அருங்காட்சியகத்திலிருந்து நூலகம் பிரிந்து தனித்து இயங்கலாயிற்று. மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழி நூல்களைத் திரட்டும் பணியும் முனைப்புடன் தொடங்கியது. 1960ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், செங்கற்களால் எழுப்பப்பட்ட புதிய கட்டடத்தைச் சிங்கப்பூரின் அரசுத் தலைவர் யூசோப் இஷாக் திறந்து வைத்தார். அவ்வாண்டிலேயே நடமாடும் நூலகமும் ஓடத் தொடங்கியது. நூலகத்துக்கு வர இயலாத பிள்ளைகளைத் தேடி நூல்களே சென்றன.

அவ்வாண்டில் நூலகத்தின் பொறுப்பை ஏற்ற ஹெட்விக் அனுவார் அம்மையாரையும் நாம் மறத்தல் ஆகாது. அவரே பின்னர், 1968ஆம் ஆண்டில், மலேசியப் பொது நூலகங்களின் வளர்ச்சிக்கான திட்டத்தையும் வகுத்தளித்தார். இவ்வாறு அண்டை நாட்டில் விளைந்த அனுபவம் நம் நாட்டுக்கும் பயன்பட்டது.

பெருமைகள் பல லீ கொங் சியானைத் தேடி வந்தன. 1962ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். நம் மாமன்னர் அவருக்குத் தான்ஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தார். எனினும் எளிமையாகவே வாழ்ந்த அவர், 1967ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 2ஆம் நாள் மறைந்தார்.

அவர் அடிக்கல் நாட்டிய அச்செங்கற் கட்டடம் இன்று இல்லை. சாலைச் சுரங்கம் அமைப்பதற்காக 2004ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. அங்கே அமர்ந்து படித்து வளர்ந்தோர் பலர் மனம் வருந்தினர். ஆனால், கட்டடம் போயினும் கொள்கை போகவில்லை. 2003ஆம் ஆண்டில் லீ அறநிறுவனம் மீண்டும் 60 மில்லியன் வெள்ளி நன்கொடை அளித்தது. 2005ஆம் ஆண்டில் விக்டோரியா சாலையில் திறக்கப்பட்ட புதிய தேசிய நூலகத்தின் ஆய்வுப் பிரிவு இன்று லீ கொங் சியான் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குத் தமிழ் நூல்களும் உள்ளன.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது?

ஊருணியில் நீர் நிறைந்தால் ஊரார் அனைவரும் பருகலாம். நூலகமும் அத்தகையதே. ஆனால், மொண்டு பருகுவார் இல்லையேல் ஊருணி பாசி படிந்து போகும். நூலகத்தில் தமிழ் நூல்கள் இருந்தும் எவரும் எடுக்காவிட்டால், அடுத்த ஆண்டில் எந்த நூல்களை வாங்குவது என்று நூலகர் எண்ணும்போது தமிழ் அவர் நினைவுக்கு வருமா? தட்டு சிறுத்துக்கொண்டே போகும். ஒருநாள் இல்லாமலே போகவும் கூடும். முன்னோர் போராடிப் பெற்றுத் தந்த இடத்தை நாம் படியாமையால் இழந்து விடலாகாது.

ஆதலின் நாம் ஓர் உறுதி கொள்வோம். நூலகத்திற்குச் செல்லும்போதெல்லாம் ஒரு தமிழ் நூலைக் கட்டாயம் எடுப்போம். அதனுடன் மலாயிலோ ஆங்கிலத்திலோ மற்றொரு நூலையும் எடுப்போம். தமிழில் படித்த முயலின் கதையை மலாய்த் தோழனுக்கு அவன் மொழியில் கூறுவோம். அவன் கூறும் சாங் காஞ்சில் என்னும் சருகுமானின் கதையைக் கேட்டுவந்து பாட்டிக்குத் தமிழில் சொல்வோம். ஒரு மொழியில் கற்றதை மறுமொழியில் கூறும்போது இரு மொழிகளும் வளம் பெறும், நட்பும் வளரும். தாய்மொழியைத் தள்ளிவிட்டுப் பிறமொழி கற்பது வேரற்ற மரம். தாய்மொழி மட்டுமே போதுமென்று கதவடைத்துக் கொள்வது காற்றில்லா வீடு. இரண்டும் வேண்டா.

வார நாளில் ஒரு மொழியும் வார இறுதியில் மற்றொரு மொழியும் பயின்ற அச்சிறுவர், வளர்ந்தபின் எல்லா மொழிகளுக்கும் இடமளித்த வள்ளலானார். நம்மிடம் 375,000 வெள்ளி இல்லை. ஆனால், நூலக உறுப்பினர் அட்டை ஒன்றை நாம் எளிதிற் பெறலாம். அதனை அழுக்கேறத் தேயும் வரை பயன்படுத்துவோம். அவ்வள்ளலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.