முகக்கவசம் தந்த வைத்தியர்: வூ லியன் தே

நூறு ஆண்டு கண்ட எமது பாடசாலையின் மலருக்கு, தன்னாமுனை வாவிக்கரையில் படித்து வைத்தியரான நாம் என்ன எழுதலாம் என்று யோசித்தோம். கொவிட் காலத்தில் நாம் எல்லோரும் கட்டிய முகக்கவசத்தின் பின்னால் நிற்கும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதே பொருத்தம் எனத் தோன்றியது.

வூ லியன் தே 1879 இல் மலாயாவின் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். பிற்காலத்தில் எங்கள் நாட்டிலிருந்தும் பலர் உத்தியோகம் தேடிக் கப்பலேறியது இதே மலாயாவுக்குத்தான். புலமைப்பரிசில் பெற்று 1896 இல் கேம்பிரிட்ஜ் சென்று வைத்தியரானார். ஊர் திரும்பி அபின் பழக்கத்துக்கு எதிராகப் பாடுபட்டார். 1908 இல் சீன இராணுவ வைத்தியக் கல்லூரியில் பணியேற்றார்.

1910 டிசெம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர்கள் சில நாட்களிலேயே இறந்தனர். அரசு அனுப்பிய வூவுக்கு அப்போது 31 வயது. பிளேக் எலித்தெள்ளினால் வருவது என்றே அன்று பெரியவர்கள் நம்பினர். வூ இறந்த பெண்ணொருவரின் உடலைப் பரிசோதித்து, இது நுரையீரலைத் தாக்கி மூச்சு வழியே தொற்றும் வகை என்று கண்டார். மெல்லிய துணி மடிப்புக்குள் பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டும் மலிவான முகக்கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார்.

அனுபவம் மிக்க பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. முகக்கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே நோயால் இறந்தார். அதன் பிறகே நகரம் வூவின் சொல்லைக் கேட்டது. ஆனால் வூ முகக்கவசத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தொடர்புற்றோரைப் புகையிரதப் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார், பயணங்களைத் தடுத்தார், புதைக்க முடியாமல் குவிந்த உடல்களை அரச அனுமதியுடன் எரித்தார். மார்ச் மாதத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தனர்.

அந்த நோய்க்குக் காரணம் பக்டீரியா, கொவிட்டுக்குக் காரணம் வைரசு. வைரசு மிகச் சிறியது, துணியால் என்ன பயன் என்று பலர் எம்மிடம் கேட்டதுண்டு. வைரசு தனியே பறப்பதில்லை; மூச்சிலும் இருமலிலும் வரும் துளிகளில் ஏறியே வருகிறது. பெரிய துளிகளைத் துணி மறிக்கும், நுண்துளிகளைக் குறைக்கும். ஆனால் முழுமையாகத் தடுக்காது. பங்களாதேசில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், முகக்கவசம் அணிவோர் 13 வீதத்திலிருந்து 42 வீதமாகக் கூடினர். சத்திரசிகிச்சை முகக்கவசம் வழங்கிய கிராமங்களில் அறிகுறியுடனான தொற்று 11 வீதமும், 60 வயதைக் கடந்தோரில் 35 வீதமும் குறைந்தது. சாதாரண துணிக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை.

எமது குறையையும் ஒப்புக்கொள்கிறோம். நோயாளியருகில் ஒழுங்காகக் கட்டியிருந்த நாம், தேநீர் வேளையில் கழற்றிவைத்துவிட்டு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கதைத்தோம். நோயாளியிடமிருந்து வராத தொற்று, எங்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்தது. படித்தவர் என்பதால் கிருமி விலகிப் போவதில்லை என்பதை மெஸ்னிக்குப் பின்னும் நாம் கற்க வேண்டியிருந்தது.

வூ 1935 இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பிறந்த பினாங்கிலேயே 1960 இல் காலமானார்.

எங்கெங்கோ வாழும் சகோதரிகளே, தடிமன் காய்ச்சலோடு அம்மம்மாவைப் பார்க்கப் போகும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள், யன்னலைத் திறந்துவையுங்கள். இயன்றால் சுகமான பின் போங்கள். நாம் காப்பது நம்மை மட்டுமல்ல.