கோடு போட வராத கட்டிடக் கலைஞர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் அண்ணன்கள் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குக் கவிதை வராது. டிராயிங்கும் வராது. அந்த வராத விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

போன வருஷம் டிராயிங் பேப்பரில் எனக்கு அரியர் விழுந்தது. என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ரிசல்ட் வந்த அன்று, பேசாம படிப்பை விட்டுட்டு அப்பாவோட வேலைக்குப் போயிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அந்த வாரம் நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டவர்தான் வால்டர் குரோப்பியஸ்.

1883 மே 18-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். கட்டிடத் தொழில் தெரிந்த குடும்பம். அவருக்குத் தாத்தா முறையான மார்ட்டின் குரோப்பியஸ் பெர்லினில் பெயர் பெற்ற கட்டிடக் கலைஞர். இவரும் மியூனிக்கிலும் பெர்லினிலும் கட்டிடக்கலை படிக்கச் சேர்ந்தார். ஆனால் பென்சிலைப் பிடித்தால் கை ஒத்துழைக்காது. வரைவதற்கென்றே கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டார். கடைசியில் பட்டம் வாங்காமலே படிப்பை விட்டு வெளியே வந்தார். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன்.

1908-இல் பீட்டர் பெஹ்ரன்ஸ் என்பவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1910-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். 1911-இல் அடால்ஃப் மேயர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஆல்ஃபெல்ட் ஊரில் ஃபாகுஸ் என்ற தொழிற்சாலையை வடிவமைத்தார். அங்கே மூலையில் தூண் கிடையாது, கண்ணாடியும் கண்ணாடியும் சந்திக்கும். மூலைக்குத் தூண் வைத்தே பழகிய காலத்தில் அது பெரிய துணிச்சல். யோசனை இவருடையது, கோடு மற்றவர்களுடையது. கடைசி வரைக்கும் கூட்டாளிகளோடு சேர்ந்துதான் வேலை செய்தார்.

முதல் உலகப் போரில் போர்முனைக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பினார். 1919-இல் வைமார் நகரில் பவுஹவுஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். நமக்கு முக்கியமான கதை இங்கேதான் இருக்கிறது.

அங்கே சேர்ந்தவர்களுக்கு உடனே கட்டிடம் போடச் சொல்லித் தரவில்லை. முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் ஒரே அடிப்படைப் பாடம். யோஹன்னஸ் இட்டன் அதை நடத்தினார். சொரசொரப்பு, வழவழப்பு, வெளிச்சம், இருட்டு இவற்றைத் தொட்டும் பார்த்தும் உணர்ந்த பிறகுதான் வரையணும். 1923-இல் அவர் போன பிறகு மொஹோலி நாட்ஜும் யோசெஃப் ஆல்பர்ஸும் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொல்வாராம். துவண்டு கிடக்கும் காகிதம் ஒரு மடிப்பு மடித்தால் தானே நிற்கும். நாம் ஸ்ட்ரக்சர் பாடத்தில் கணக்காகப் படிப்பதை அவர்கள் விரலால் படித்தார்கள்.

அதற்கு அப்புறம் பட்டறை. மரம், உலோகம், நெசவு, சுவர் வண்ணம் என்று தனித்தனியாக உண்டு. ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஓவியர், மற்றவர் கைத்தொழில் மேஸ்திரி. பால் க்ளே, காண்டின்ஸ்கி போன்ற பெரிய ஓவியர்கள் பாடம் நடத்திய அதே பள்ளியில் மேஸ்திரியும் ஆசிரியர்! கலைஞனும் கைத்தொழிலாளியும் வேறு வேறு ஜாதி இல்லை என்பதுதான் குரோப்பியஸின் கொள்கை.

ஆனால் குறையையும் சொல்லணும். பள்ளியின் ஆசிரியர் குழுவில் மேஸ்திரிகளுக்கு ஓட்டு இல்லை. நிறையப் பெண்கள் சேர்ந்தார்கள், அவர்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள். கட்டிடக்கலைக்கு என்று தனித் துறை வந்ததே 1927-இல்தான்.

அரசாங்கம் மாறிப் பணத்தைக் குறைத்ததும் பள்ளி 1925-இல் டெஸ்ஸாவ் நகருக்குப் போனது. அங்கே குரோப்பியஸ் வடிவமைத்த கட்டிடம் 1926 டிசம்பரில் திறக்கப்பட்டது. கான்கிரீட் சட்டகம், பட்டறைப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெயில் காலத்தில் உள்ளே புழுங்கும், குளிர் காலத்தில் நடுங்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டிடத்தின் விளக்கு, நாற்காலி, சுவர் வண்ணம் எல்லாம் பள்ளியின் பட்டறைகளிலேயே உருவானவை.

1928-இல் அவர் பொறுப்பை விட்டார். நாஜிகளின் நெருக்கடியால் 1933-இல் பள்ளியே மூடப்பட்டது. 1934-இல் இங்கிலாந்துக்குப் போனார். 1937-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. பட்டம் வாங்காதவர் பட்டம் படிப்பவர்களுக்கு ஆசிரியர் ஆனார்! நம் நாட்டு அச்யுத் கான்விந்தே அங்கே அவரிடம் படித்தவர்தான். 1969 ஜூலை 5-இல் பாஸ்டனில் இறந்தார். வைமார், டெஸ்ஸாவ் பவுஹவுஸ் கட்டிடங்களை 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் அரியரைச் சொன்னேன். கூடவே இந்தக் கதையையும் சொன்னேன். மேஸ்திரிக்கு ஓட்டு இல்லை என்றதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. மேஸ்திரியை வாத்தியார் ஆக்கினார்கள் என்றதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். மணலை உள்ளங்கையில் தேய்த்தே எவ்வளவு மண் கலந்திருக்கு என்று சொல்லுவார் அப்பா. அதையே நாங்கள் லேபில் கண்ணாடிச் சாடியில் அளந்து பார்க்கிறோம். இரண்டும் ஒரே பாடம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது லீவு நாளில் அப்பாவோடு சைட்டுக்குப் போகிறேன். அவர் கட்டிய படிக்கட்டை டேப் வைத்து அளந்து, வீட்டுக்கு வந்து ஷீட்டில் போடுகிறேன். கண்ணால் பார்த்ததைப் போடும்போது செக்‌ஷன் கொஞ்சம் புரியுது. கோடு இன்னமும் அவ்வளவு அழகாக வரலை. ஏப்ரலில் அந்தப் பேப்பரை மறுபடி எழுதப் போகிறேன்.

நண்பர்களே, உங்களில் யாருக்காவது அரியர் இருந்தால், படிப்பை விடுகிற முடிவை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அந்த வாரத்தில் நூலகம் பக்கம் வாருங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.