அடங்காப்பற்றின் அடங்காத் தமிழர்

வன்னி நிலத்துக்கு அடங்காப்பற்று என்றொரு பழம்பெயர் உண்டு. 1947 ஆம் ஆண்டு வவுனியாத் தொகுதி மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செல்லப்பா சுந்தரலிங்கம் அவர்களுக்கும் அடங்காத் தமிழன் என்னும் பெயரே நிலைத்தது. இவ்வூர்ப் பாடசாலையிற் குடியியல் கற்பிக்கும் நான், சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவை விளக்கும்போதெல்லாம் இவரை நினையாதிருந்ததில்லை. நினைக்குந்தோறும் உள்ளம் பெருமிதத்தோடு நில்லாது, சற்றுக் கலங்கவும் செய்கிறது.

1895 இல் உரும்பிராயிற் பிறந்த சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்ட் சென்று கணிதத்திற் சிறந்த தேர்ச்சி பெற்றார், பாரிஸ்டருமானார். சிவில் சேவையிற் கிடைத்த உயர்பதவியைத் துறந்து, ஆனந்தாக் கல்லூரியிற் கற்பித்தார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராய் விளங்கினார். கணிதத்தில் எடுகோள் ஒன்றை ஏற்றால் அதன் முடிவையும் ஏற்றேயாக வேண்டும். அரசியலுக்கும் அவர் அந்த விதியையே கொண்டு வந்தார்.

சுயேச்சையாய் வென்ற அவர், டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்ட மூலம் சபைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் தலைவிதியை நிருணயித்த சட்டம் அது. அதற்கு இசைய மனமின்றி அவர் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கோரவே, பதவியையும் துறந்தார். அம்மக்கள் அவருடைய வாக்காளர் அல்லர் என்பதை இங்கு மறத்தலாகாது.

எந்தச் சமூகத்தின் மீதும் பிற சமூகத்தினருக்கு இல்லாத சுமையைப் பாராளுமன்றம் சுமத்தலாகாது என்பதே 29ஆம் பிரிவின் சாரம். பிரசாவுரிமைச் சட்டம் இதற்கு மாறானதன்றோ என்ற வினா, கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953 இல் பிரிவிக் கவுன்சில் முன் நின்றது. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரமே என்று கூறி, நீதியரசர்கள் அச்சட்டத்தைச் செல்லுபடியாக்கினர். சட்டத்தின் சொற்களிற் சமூகத்தின் பெயர் இல்லை. அதன் விளைவோ ஒரு சமூகத்தின் தலையிலேயே விழுந்தது. காகிதத்திற் சமமாக இருப்பது வாழ்விலும் சமமாகிவிடாது என்பதை என் மாணவர்க்கு உணர்த்த இதனினும் தெளிவான வழக்கை நான் அறியேன்.

சிங்கக் கொடியை எதிர்த்து 1951 இல் தம் ஆசனத்தைத் துறந்தார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் முயற்சியை எதிர்த்துச் சபைக்குச் செல்லாதிருந்து 1955 இல் மீண்டும் ஆசனம் இழந்தார். இருமுறையும் வவுனியா மக்கள் இடைத்தேர்தலில் அவரையே திருப்பி அனுப்பினர். 1960 மார்ச்சில்தான் அவரைக் கைவிட்டனர்.

இனி எழுதக் கூசுவதையும் எழுதவேண்டும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைய வந்த ஒடுக்கப்பட்ட மக்களை வழிமறித்து நின்றோரின் முன்னணியில் இவரும் நின்றார். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்றார். விடாது பிரிவிக் கவுன்சில் வரை வழக்காடினார். மலைநாட்டுத் தொழிலாளிக்காக அமைச்சர் பதவியை எறிந்த கை, தன்னூர்த் தொழிலாளியின் முன்னே கதவை அடைத்தது. எடுகோளை ஏற்றவர் முடிவை ஏற்கவில்லை.

குடியரசு அரசியல் திட்டம் உருவான நாளில், அரசியல் நிருணய சபைக்கு அதிகாரம் இல்லையென்று அவர் நீதிமன்றத்தை நாடினார். காலம் கனியுமுன் வந்த வழக்கென்று அது தள்ளப்பட்டது. 1972 மே 22 இல் 29ஆம் பிரிவு மறைந்தது. 1985 இல் அவரும் மறைந்தார்.

அவருடைய வாழ்வின் ஒரு பாதியை மட்டும் மாணவர்க்குச் சொல்லிவிட்டு நகர்ந்த ஆண்டுகள் எனக்கும் உண்டு. இப்போது இரண்டையும் சொல்கிறேன். நமக்கு மேலுள்ளோரிடம் சமத்துவம் கேட்பது எளிது. கீழென்று நாம் தள்ளி வைத்தோர் நம்மிடம் அதையே கேட்கும் நாளிலேதான், 29ஆம் பிரிவு நம் நெஞ்சிலும் எழுதப்பட்டுள்ளதா என்பது தெரியவரும்.