உடலின் உள்ளுலகைக் கண்டவர்

சித்திரை வெயிலில் நெடுந்தொலைவு நடந்து வருகிறோம், உடல் வியர்க்கிறது. மார்கழிப் பனியில் நீராடுகிறோம், உடல் நடுங்குகிறது. ஒரு நாள் விருந்து உண்கிறோம். மற்றொரு நாள் நோன்பிருக்கிறோம். புறத்தே இத்துணை மாறுதல்கள் நிகழ்ந்தும், நலமுள்ள மனிதனின் உடல் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கிறது. குருதியில் உள்ள சர்க்கரையும் ஓர் எல்லைக்குள்ளேயே அமைகிறது. சிறிது விலகினாலும் உடல் தன் பழைய நிலைக்கு மீண்டு விடுகிறது. இவ்வாறு மீளும் ஆற்றலே உயர்ந்த உயிர்களின் வாழ்வுக்கு அடிப்படை என்பதை உலகிற்கு எடுத்துக் காட்டியவர், கிளாடு பெர்னார்டு என்னும் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர்.

பிரெஞ்சு நாட்டில் சோன் ஆற்றங்கரைப் பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் மிகுதி. அத்தோட்டங்களின் நடுவே அமைந்த சேன் ழூலியன் என்னும் சிற்றூரில், 1813ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் பெர்னார்டு பிறந்தார். தந்தையார் திராட்சை பயிரிட்டுப் பிழைத்தவர். ஊர்ப் பாதிரியார் சிறுவனுக்கு இலத்தீன் மொழியைக் கற்பித்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் மேலே கற்கக் குடும்பத்தில் பொருள் இல்லை. ஆகவே பெர்னார்டு தம் 19ஆம் வயதில், லியோன் நகரின் புறத்தே ஒரு மருந்துக் கடையில் பணியாளாக அமர்ந்தார். எல்லா நோய்க்கும் ஏற்றது என்று மக்கள் நம்பிய பழைய மருந்து ஒன்று அங்கே விற்கப்பட்டது. கடையில் எஞ்சியவற்றையும் கெட்டவற்றையும் அம்மருந்தின் சாடியிலேயே கொட்டுவதைப் பெர்னார்டு கண்டார். மருந்து என்னும் பெயருக்கும் அதன் உண்மைக்கும் இடையே இருந்த தொலைவு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அக்காலத்தில் அவருக்கு நாடகத்தில் பெருவிருப்பம் இருந்தது. அவர் எழுதிய சிறு நகைச்சுவை நாடகம் லியோனில் நடிக்கப்பட்டது. அதனால் ஊக்கம் பெற்று, ஐந்து அங்கங்கள் கொண்ட பெருநாடகம் ஒன்றையும் எழுதினார். அதனை எடுத்துக்கொண்டு 1834ஆம் ஆண்டில் பாரிசு நகரை அடைந்தார். அதைப் படித்த புகழ்பெற்ற திறனாய்வாளர் ஒருவர், வாழ்வுக்கு வேறு தொழில் தேடிக்கொள்ளுமாறும், மருந்துக் கடையில் பழகியவராதலின் மருத்துவம் பயிலுமாறும் அறிவுரை கூறினார். கனவு கலைந்ததாயினும் பெர்னார்டு அவ்வறிவுரையை ஏற்றார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் சிறந்த மாணவர் என்று பெயர் பெறவில்லை. ஆனால் மஜாந்தி என்னும் பேராசிரியர், பெர்னார்டின் கைகள் ஆய்வுக்கென்றே அமைந்தவை என்பதை உணர்ந்து, 1841ஆம் ஆண்டில் அவரைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். 1843ஆம் ஆண்டில் பெர்னார்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆசிரியப் பதவிக்குரிய தேர்வில் தோல்வியுற்றார். வருவாய் இன்மையால், ஊருக்குத் திரும்பி நாட்டுப்புற மருத்துவராய் வாழ்வதே நன்று என்று எண்ணலானார். 1845ஆம் ஆண்டில் நடைபெற்ற திருமணத்தின் வழியாக வந்த பொருளே அவரைப் பாரிசு நகரில் நிலைக்கச் செய்தது. ஈரம் கசியும் இருண்ட அறைகளே அவருடைய ஆய்வுக்கூடங்களாயின.

1846ஆம் ஆண்டில் ஒரு நாள், சந்தையிலிருந்து சில முயல்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் சிறுநீர் தெளிந்தும் அமிலத் தன்மையுடனும் இருந்தது. புல்லுண்ணும் விலங்குகளின் சிறுநீரோ கலங்கியும் காரத் தன்மையுடனும் இருப்பது இயல்பு. பிறர் கவனியாது விட்டிருக்கக்கூடிய இவ்வேறுபாட்டைக் கண்டு பெர்னார்டு சிந்தித்தார். அம்முயல்கள் நெடுநேரம் பட்டினி கிடந்தவை. ஆதலின் தம் உடற்றசையையே உணவாகக் கொண்டு ஊனுண்ணிகளைப் போல் ஆகியிருக்க வேண்டும் என்று கருதினார். புல்லைக் கொடுத்தார், சிறுநீர் கலங்கிக் காரமாயிற்று. மீண்டும் பட்டினியிட்டார், மீண்டும் தெளிந்து அமிலமாயிற்று. உணவு வெளியிலிருந்து வாராதபோது, உடல் தன் சேமிப்பைக் கரைத்து வாழ்கிறது என்பதை இவ்வாய்வு காட்டியது. இதனைத் தொடர்ந்து முயல்களுக்கு இறைச்சியைக் கொடுத்து ஆராய்ந்தபோது, கணைய நீர் கொழுப்பைச் செரிக்கச் செய்கிறது என்னும் உண்மையும் அவருக்குப் புலனாயிற்று.

அந்நாளில் சர்க்கரையைப் படைக்க வல்லவை தாவரங்களே என்றும், விலங்குகள் அதனை அழிக்க மட்டுமே வல்லவை என்றும் அறிஞர் நம்பினர். உணவில் வந்த சர்க்கரை உடலில் எவ்விடத்தில் அழிகிறது என்று காணப் பெர்னார்டு முற்பட்டார். 1848ஆம் ஆண்டில், சர்க்கரையே கலவாத இறைச்சி உணவு உண்ட நாயின் குருதியை ஆராய்ந்தார். கல்லீரலிலிருந்து வெளிவரும் குருதியில் சர்க்கரை மிகுதியாக இருந்தது. அழியும் இடத்தைத் தேடிச் சென்றவர், பிறக்கும் இடத்தைக் கண்டார்.

எனினும் கல்லீரல் சர்க்கரையை எதிலிருந்து ஆக்குகிறது என்பது விளங்கவில்லை. பெர்னார்டு ஒரே பொருளை இருமுறை சோதித்து அளப்பது வழக்கம். ஒரு நாள் நேரமின்மையால் ஒரு சோதனையை மட்டும் உடனே செய்து, மற்றொன்றை மறுநாளுக்குத் தள்ளி வைத்தார். மறுநாள் அளந்தபோது சர்க்கரையின் அளவு மிகுந்திருந்தது. பிழை என்று அதனை அவர் ஒதுக்கி விடவில்லை. 1855ஆம் ஆண்டில், விலங்கின் கல்லீரலை எடுத்து, சர்க்கரை முற்றும் நீங்கும்வரை அதன் குழாய்களின் வழியே நீரைச் செலுத்திக் கழுவினார். பிறகு அதனை அப்படியே வைத்தார். மறுநாள் அதில் சர்க்கரை மீண்டும் நிறைந்திருந்தது. ஆகவே சர்க்கரையாக மாறத்தக்க ஒரு பொருள் கல்லீரலில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று துணிந்தார். 1857ஆம் ஆண்டில் அப்பொருளைப் பிரித்தெடுத்துக் கிளைக்கோஜன் என்று பெயரிட்டார். உழவன் விளைந்த காலத்தில் குதிரில் நெல்லைச் சேர்த்து, வேண்டும்போது எடுத்துக்கொள்வது போல, கல்லீரலும் உண்ட வேளையில் சேமித்து, உண்ணாத வேளையில் வழங்குகிறது.

உடல் வெப்பத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். முயலின் கழுத்திலுள்ள ஒரு நரம்பை வெட்டினால் அப்பக்கத்துச் செவி குளிரும் என்று அவர் எதிர்பார்த்தார். செவியோ சிவந்து சூடாயிற்று. குருதிக் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் வெப்பத்தை ஆள்பவை நரம்புகளே என்பது இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று.

தனித்தனியே கண்ட இவ்வுண்மைகளைப் பெர்னார்டு ஒன்றாகத் தொகுத்து நோக்கினார். உயிர்களுக்குச் சூழல்கள் இரண்டு. காற்றும் நீரும் வெயிலும் பனியும் புறச்சூழல். உடலின் அணுக்களைச் சூழ்ந்து நிற்கும் குருதி முதலிய நீர்மங்கள் அகச்சூழல். அகச்சூழல் நிலையாக இருப்பதால்தான் உயர்ந்த உயிர்கள் புறச்சூழலுக்கு அடிமையாகாமல் உரிமையுடன் வாழ்கின்றன என்று அவர் விளக்கினார். இந்நிலைபேறு கல்லின் அசையாமை அன்று. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பது போன்றது. உணவும் உயிர்வளியும் செலவழிந்துகொண்டே இருக்கும்வரைதான் அந்நிலை நீடிக்கும்.

புகழ் வளர்ந்த காலத்தில் பெர்னார்டின் உடல்நலம் குன்றியது. ஓய்வுக்காகத் தாம் பிறந்த ஊருக்குச் சென்று தங்கினார். அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே அமைதியாகச் சிந்தித்து, ஆய்வுவழி மருத்துவத்துக்கு அறிமுகமாக ஒரு நூலை எழுதினார். 1865ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் அறிவியல் முறைக்கே வழிகாட்டியாயிற்று. அடுத்த ஆண்டு, நோயுற்றிருந்த அவருக்கு ஊக்கமளிக்கும் வகையில், லூயி பாஸ்டர் அவருடைய பணிகளைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார்.

ஆனால் இல்லறத்தில் அவருக்கு அமைதி கிட்டவில்லை. உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வதை மனைவியார் வெறுத்தார். அவ்வெறுப்பு காரணமற்றது அன்று. அவ்வாய்வுகளில் விலங்குகள் உற்ற துன்பம் பெரிது. நோயுற்ற மக்கள் பலருடைய துயரைத் தீர்க்கும் அறிவை அதனால் பெறலாம் என்பது பெர்னார்டின் கருத்து. 1870ஆம் ஆண்டளவில் இருவரும் பிரிந்தனர். உடல் தன் நிலைக்கு மீளும் வகையைக் கண்டவரால், குலைந்த இல்லத்தைப் பழைய நிலைக்கு மீட்க இயலவில்லை. விலங்காய்வை வரம்புக்குட்படுத்தும் சட்டம் 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் பல நாடுகள் அவ்வழியில் சென்றன.

1878ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் பெர்னார்டு பாரிசில் காலமானார். பிரெஞ்சு அரசு அவருடைய இறுதிச் சடங்கை அரச மரியாதையுடன் நடத்தியது.

நீராவிப் பொறியின் வேகம் மிகும்போது நீராவியைக் குறைத்தும், வேகம் தளரும்போது பெருக்கியும் நிலைநிறுத்தும் கருவியை ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தினார். சமநிலையிலுள்ள வேதிக் கலவையில் மாறுதல் நேர்ந்தால், அம்மாறுதலை ஓரளவு தணிக்கும் திசையிலேயே வினை நகரும் என்பதை லெ சாத்தலியே 1884ஆம் ஆண்டில் கூறினார். உயிருடலில் நிகழும் இத்தகைய மீட்சிக்கு அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1926ஆம் ஆண்டில் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் சூட்டினார். பெர்னார்டு இட்ட அடிப்படையின் மீதே அவர் தம் கருத்தை எழுப்பினார். இன்று நீரிழிவு நோயாளியின் குருதிச் சர்க்கரையை அளந்து இன்சுலின் அளிக்கும் மருத்துவரும், நோயுற்ற உடலின் அகச்சூழலை இயல்பு நிலைக்குக் கொண்டுவரவே முயல்கிறார்.

நாடகக் கனவு பொய்த்தபோதும், தேர்வில் தோற்றபோதும் பெர்னார்டு சோர்ந்து ஒழியவில்லை. தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக உண்மை நின்றபோதெல்லாம், எதிர்பார்ப்பைக் கைவிட்டு உண்மையைப் பற்றிக்கொண்டார். அவர் கண்டறிந்தவை அனைத்திற்கும் அதுவே காரணமாயிற்று.